மானிட, சமூக, அரசியல் அறிவியல் டிரைபாஸ் (கேம்பிரிட்ஜ்)

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அரசியல், பன்னாட்டு உறவுகள், சமூகவியல், சமூக மானிடவியல் ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ்ப் படிக்கும் மூன்றாண்டு இளங்கலைப் படிப்பு. மாணவர்கள் இதை எச்.எஸ்.பி.எஸ். என்பார்கள். டிரைபாஸ் என்பது அங்கே ஆனர்ஸ் தேர்வுக்கு வழங்கும் பெயர். பழைய பட்டமளிப்புச் சடங்குகளில் முக்காலியில் உட்கார்ந்து மாணவர்களை வம்புக்கிழுத்து வாதிட்டவரிடமிருந்து வந்த சொல் என்பார்கள்.

சமூகவியலை கேம்பிரிட்ஜ் நெடுநாள் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. லண்டன் பொருளியல் பள்ளியில் (எல்.எஸ்.இ.) 1907இலேயே அதற்குப் பேராசிரியர்கள் வந்துவிட்டார்கள். கேம்பிரிட்ஜிலோ அது 1960களில்தான் பொருளியல் மாணவர்களுக்கான தாளாக உள்ளே நுழைந்தது. 1969இல் முதல் சமூகவியல் பேராசிரியரான ஜான் பார்ன்ஸும் மானிடவியலிலிருந்து வந்தவரே. நார்வேயின் தீவு ஒன்றை ஆராய்ந்து 1954இல் எழுதிய கட்டுரையில் 'சமூக வலையமைப்பு' என்பதை ஆய்வுச் சொல்லாக்கியவர். அரசியலுக்கு இந்தத் தயக்கம் காட்டப்படவில்லை. அதற்கான பேராசிரியர் பதவி 1928இல் ஏற்பட்டது. முதலில் அமர்ந்தவர் எர்னஸ்ட் பார்க்கர்.

படிப்பின் பெயரும் நிலைத்து நிற்கவில்லை. 'சமூக, அரசியல் அறிவியல்' என்றிருந்தது 'அரசியல், உளவியல், சமூகவியல்' ஆயிற்று. 2013இல் உளவியல் தனிக்குடித்தனம் போக, தொல்லியலும் மானிடவியலும் வந்து சேர்ந்து இன்றைய பெயர் அமைந்தது. 2017இல் தொல்லியலும் பிரிந்துவிட்டது.

பாடத்தின் உயிர் விரிவுரையில் இல்லை, 'சூப்பர்விஷன்' என்னும் சிறு வகுப்பில் இருக்கிறது. மாணவர் ஒரு கேள்வியையும் நீண்ட நூற்பட்டியலையும் வாங்கிப் போகிறார். படித்துக் கட்டுரை எழுதி அனுப்புகிறார். பிறகு ஆசிரியர் எதிரே ஒன்றிரண்டு சக மாணவர்களோடு ஒரு மணி நேரம். சமூகவியல் அறிஞர் வெபர் இப்படிச் சொன்னார் என்று ஒப்பித்தால் நடக்காது. அவர் சொன்னது சரியா, நீ ஏன் நம்புகிறாய் என்று அடுத்த கேள்வி வரும். நூல்களை அரைகுறையாகப் புரட்டியவர் பத்தே நிமிடத்தில் அகப்பட்டுக்கொள்வார். இத்தனை பாடுபட்டு எழுதும் கட்டுரைகளுக்கு இறுதி மதிப்பெண்ணில் இடமில்லை என்பது வெளியாருக்கு வியப்பாக இருக்கும். ஒரு பருவத்தில் வகுப்புகள் எட்டே வாரம். அதனால் மூச்சுவிட நேரமிருக்காது.

பள்ளியில் இன்ன பாடம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. விண்ணப்பம் அக்டோபர் நடுவில், நேர்காணல் டிசம்பரில். அதே ஆண்டில் ஆக்ஸ்போர்டுக்கும் விண்ணப்பிக்க முடியாது. பல்கலைக்கழகத்தின் ஒரு கல்லூரி இடமில்லை என்று விட்ட நல்ல மாணவரை, 'பூல்' என்னும் பொதுப் பட்டியலிலிருந்து வேறொரு கல்லூரி எடுத்துக்கொள்வதுண்டு.

இங்குள்ள மானிடவியலுக்கு இலங்கையோடு பழைய உறவு. கேம்பிரிட்ஜ் மானிடவியலாளர் எட்மண்ட் லீச் எழுதிய 'புல் எலிய' (1961) அங்குள்ள சிங்களக் கிராமமொன்றின் குளத்து நீரும் வயலும் யார் யாருக்கு எப்படிப் பங்காகின்றன என்பதை நுணுக்கமாகத் தொடரும் நூல். இலங்கைத் தமிழரான ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா 1960களில் கேம்பிரிட்ஜில் கற்பித்தார்; பின்னர் ஹார்வர்டு சென்றார். லீச்சின் வாழ்க்கையையும் ஆய்வுகளையும் 2002இல் நூலாக எழுதியவர் அவரே.