முதல் பொதுத்தேர்தலும் தலித் வாக்கும்: பெரம்பலூர், அரியலூரை முன்வைத்து

500-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இணைத்து உருவான இந்தியக் குடியரசின் முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் 25 முதல் 1952 பிப்ரவரி 21 வரை நடைபெற்றது. இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். 1948-இல் இணைந்த புதுக்கோட்டை சமஸ்தானமும் அம்மாவட்டத்திலேயே சேர்க்கப்பட்டிருந்தது. சொத்தையும் கல்வியையும் தகுதியாகக் கொண்ட பழைய வாக்குரிமை ஒழிந்து, 21 வயது நிறைந்த அனைவரும் வாக்காளராயினர். நிலவுடைமையாளரின் வாக்கும் அவர் வயலில் உழைத்த தலித் கூலியின் வாக்கும் சம மதிப்புப் பெற்றன.

ஆயினும், தலித் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்னும் வினா எஞ்சியது. 1932-இன் பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதியைக் கைவிட்டு, கூட்டுத் தொகுதியில் இடஒதுக்கீட்டை ஏற்றது. அரசமைப்புச் சட்டத்தின் 325, 330ஆம் உறுப்புகள் அவ்வழியையே தொடர்ந்தன. 1952-இல் மக்களவையின் 489 இடங்களுக்கான 401 தொகுதிகளில் 86 இரட்டை உறுப்பினர் தொகுதிகள். அங்கு வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒரே வேட்பாளருக்கு அளிக்க இயலாது. அத்தகைய வடக்கு பம்பாய் தொகுதியில் அண்ணல் அம்பேத்கர் காங்கிரசின் கஜ்ரோல்கரிடம் தோற்றார். ஒதுக்கப்பட்ட இடத்திலும் வெற்றியை நிர்ணயித்தது பொது வாக்காளர் பெரும்பான்மையே.

1957-இல் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியின் இரு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றனர், வி.வி. கிரி தோற்றார். அவ்வெற்றி செல்லும் என 1959-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1961-இல் இரட்டைத் தொகுதி முறையே ஒழிக்கப்பட்டது.

தனித்தொகுதியாயிருந்த பெரம்பலூர் மக்களவைத் தொகுதி 2009 தேர்தல் முதல் பொதுத்தொகுதி. அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் சட்டமன்றத் தொகுதிகள் சிதம்பரம் தனித்தொகுதியில் அடங்கும். அத்தொகுதிக்குட்பட்ட பொன்பரப்பியில் 2019 ஏப்ரல் 18 அன்று, வாக்குப்பதிவு நாளிலேயே, தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. முதல் தேர்தலுக்கு 67 ஆண்டுகளுக்குப் பின்னும், அச்சமின்றி வாக்களிப்பதே நம் முதற்கோரிக்கையாக நிற்கிறது.

சட்டம் நம் பக்கம் உள்ளது. வாக்களிக்க விடாமல் மிரட்டுவதும், குறிப்பிட்ட வேட்பாளருக்கு வாக்களிக்குமாறு வற்புறுத்துவதும் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின்படி குற்றங்கள். துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும். கடமையைப் புறக்கணிக்கும் அரசு ஊழியரை 4ஆம் பிரிவு தண்டிக்கிறது. தேர்தல் நாளில் ஒவ்வொரு சேரியிலும் இவ்விதிகளை அறிந்த இளைஞர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். 1952-இல் கிடைத்த வாக்கு, காக்கப்படும்போதே உரிமையாகிறது.