சுக்கானும் கம்பியும்: ஒலிம்பிக் இருவர் பாய்ப்படகில் பெண்களின் ஸ்தானம்

1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் பந்தயங்கள் பூசான் கடலில் நடந்தபோது, அதுவரை எவ்வித பேதமும் இன்றி எல்லோருக்கும் பொதுவாக இருந்த 470 என்னும் இருவர் படகுப் போட்டி ஆண்களுக்கென ஒன்றும் பெண்களுக்கென ஒன்றுமாகப் பிரிக்கப்பட்டது. ஒலிம்பிக் பாய்ப்படகுச் சரித்திரத்தில் பெண்களுக்கென்றே வகுக்கப்பட்ட முதல் போட்டி அதுதான். அமெரிக்காவின் ஆலிசன் ஜோலியும் லின் ஜூவெலும் அன்று வென்ற தங்கத்தில் தொடங்கி, 2021-இல் எனோஷிமாவில் நடந்த டோக்கியோ பந்தயத்தில் பிரிட்டனின் ஹன்னா மில்ஸும் எய்லி மெக்கின்டயரும் வென்ற தங்கம் வரையில், ஒன்பது ஒலிம்பிக்குகளில் அது நிலைத்திருந்தது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் பந்தயங்கள் மார்செய் கடலில் நடந்தபோது அது மறைந்து, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து செலுத்தும் கலப்புப் போட்டியாக மாறியது. இம்மாற்றம் சமத்துவத்தின் பூர்த்தி என்பதே பொதுவான அபிப்பிராயம். தலைகளை எண்ணிப் பார்த்தால் அது சரிதான். ஆனால் படகுக்குள் யார் என்ன காரியம் செய்கிறார்கள், யாருடைய தீர்மானம் எங்கே இறுதியாகிறது என்று பார்க்கும்போது, பெண்கள் பெற்றதைவிட இழந்தது கனமானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெண்கள் ஒலிம்பிக் பாய்ப்படகுகளில் 1988-க்கு முன்பு ஏறியதே இல்லை என்று கருதுவது தவறு. 1900-இல் தம் கணவரின் 'லெரினா' என்ற படகில் பந்தயக் குழுவில் ஒருவராக இருந்து வென்ற எலென் த பூர்த்தலே, ஒலிம்பிக்கில் முதல் வெற்றி கண்ட பெண்மணி என்று போற்றப்படுகிறார்; 1928-இல் விர்ஜினி எரியோ தம் சொந்தப் படகான 'எல் ஆறு' என்பதில் பிரான்சுக்குத் தங்கம் ஈட்டினார். ஆனால் இவர்கள் வந்த வாசல் குடும்பமும் செல்வமும் திறந்துவிட்ட வாசல். படகு வீட்டில் இருந்தவர்களுக்கே அது திறந்தது. இல்லாதவர்களுக்கு விதி தடை சொல்லவில்லையெனினும் வழியும் காட்டவில்லை. 1976 முதல் 1984 வரை 470 போட்டி பொதுவாகவே நடந்தது என்பதையும், அதில் ஏறிய பெண்கள் மிகச் சிலரே என்பதையும் சேர்த்து யோசித்தால், 'பொது' என்ற பெயரில் திறந்திருக்கும் ஓர் அரங்கம் நடைமுறையில் எவ்வளவு குறுகியதாக இருக்கக்கூடும் என்பது விளங்கும்.

படகின் ஸ்வரூபத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். 1963-இல் ஆந்த்ரே கோர்னு என்ற பிரெஞ்சு நிபுணர் வடிவமைத்த இப்படகின் நீளம் 4.70 மீட்டர், பெயரும் அதனால் வந்ததே. ஒருவர் பின்புறம் அமர்ந்து சுக்கானையும் பெரும்பாயின் கயிற்றையும் பிடிக்கிறார். மற்றவர் பாய்மரத்தின் உச்சியருகிலிருந்து தொங்கும் கம்பியை இடுப்புக் கச்சையில் மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் பாதங்களை ஊன்றி, உடல் முழுவதையும் நீருக்கு மேல் நீட்டி நின்று, காற்றின் சாய்ப்பை எதிர்க்கிறார். கம்பியில் நிற்பவருடைய பணி வெறும் எடைக்கல்லின் பணி என்று கரையிலிருந்து பார்ப்பவர் எண்ணக்கூடும். உண்மையில் சுக்கான் பிடிப்பவரின் கண்கள் முன்பாயில் ஒட்டியுள்ள சிறு நூல்களின் மீதும் எதிர்வரும் அலையின் மீதும் கட்டுண்டிருக்க, திசைகாட்டியின் எண் இரண்டு பாகை மாறியதையும், இருநூறு மீட்டருக்கு அப்பால் நீரின் நிறம் கறுத்துக் காற்று இறங்குவதையும், எதிராளிகள் எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்பதையும் இடையறாது சொல்லிக்கொண்டிருப்பது கம்பியில் நிற்பவரின் குரலே. முன்பாயும், காற்றின் போக்கில் ஓடும்போது விரியும் ஸ்பின்னேக்கர் பாயும் அவருடைய கையிலேயே இருக்கின்றன. ஆகவே இப்படகில் அறிவு இரண்டு உடல்களில் பகிர்ந்து கிடக்கிறது; ஒருவர் மற்றவருடைய வாக்கை ஆராய்ந்து பார்க்க அவகாசம் இல்லை, நம்பிச் செயல்பட வேண்டியதுதான்.

இவ்வுண்மை மிகத் தெளிவாக வெளிப்பட்ட பந்தயம் 2012-இல் வெய்மவுத்தில் நடந்தது. நியூசிலாந்தின் ஜோ அலேயும் பாலி பவுரியும் ஒருபுறம், மில்ஸும் சாஸ்கியா கிளார்க்கும் மறுபுறம், சரிசமமான புள்ளிகளுடன் இறுதிப் பந்தயத்துக்கு வந்தார்கள். தங்கம் இவ்விரு ஜோடிகளில் ஒன்றுக்கே என்பது அதற்குமுன்பே நிச்சயமாகிவிட்டது. முதல் காற்றெதிர் ஓட்டத்தில் காற்று திசை மாறியபோது பிரிட்டிஷ் படகு தவறான பக்கத்தில் இருந்தது. நியூசிலாந்துப் படகு முதலாவதாக வந்தது, பிரிட்டிஷ் படகு ஒன்பதாவதாக வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து ரியோவில் அதே இரு ஜோடிகள் ஸ்தானம் மாறித் தங்கமும் வெள்ளியும் பெற்றன. இவ்விரண்டு முடிவுகளிலும் நான் காண்பது அதிர்ஷ்டத்தின் சக்கரத்தை அன்று. தங்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் கூர்தீட்டிக்கொண்ட ஒரு பெண்கள் பரம்பரையை. நீர்ப்பரப்பில் ஆண்களின் துணையோ அனுமதியோ இன்றி, ஒவ்வொரு தீர்மானத்தையும் ஒரு பெண்ணே எடுத்து, ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பெண்ணே விலைகொடுத்த பள்ளி அது.

அப்பரம்பரை கைமாறிய விதமும் கவனிக்கத்தக்கது. சாஸ்கியா கிளார்க் விலகியபின் மில்ஸ் இளையவரான மெக்கின்டயரைக் கம்பிக்கு அழைத்துக்கொண்டார். நெதர்லாந்தின் லோப்கெ பெர்க்ஹவுட் 2008-இல் மார்செலின் த கோனிங்குடன் வெள்ளியும், 2012-இல் லிசா வெஸ்டர்ஹோஃபுடன் வெண்கலமும் பெற்றார். சுக்கான் கைமாறினும் கம்பியில் நின்றவரின் ஞானம் தொடர்ந்தது. (மெக்கின்டயரின் தந்தை மைக், 1988-இல் பூசானில் ஸ்டார் வகைப் படகில் தங்கம் வென்றவர், பெண்கள் 470 பிறந்த அதே கடலில் தந்தை வென்றதும், அப்போட்டியின் கடைசித் தங்கத்தை மகள் வென்றதும் சரித்திரத்தின் அபூர்வமான பொருத்தங்களில் ஒன்று.)

இனிக் கலப்புப் போட்டியைப் பார்ப்போம். டோக்கியோவில் ஆண்களுக்கு ஐந்து, பெண்களுக்கு நான்கு, கலப்பு ஒன்று என்றிருந்த பாய்ப்படகு நிகழ்ச்சிகள், பாரிஸில் நான்கு, நான்கு, இரண்டு என்று சீராயின. இச்சீர்மை பாராட்டத்தக்கதே. ஆண்களும் தங்கள் 470-ஐ இழந்தார்களே என்ற ஆட்சேபமும் நியாயமானது. ஆனால் 1900 முதல் ஏறக்குறைய எல்லாப் படகுகளின் சுக்கானையும் தம் வசம் வைத்திருந்தவர்கள் ஒரு வகுப்பை இழப்பதும், முப்பத்துமூன்று ஆண்டுகளே பெற்றிருந்தவர்கள் அதே வகுப்பை இழப்பதும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை அல்ல.

கம்பியில் நிற்பவர் உயரமாகவும், சுக்கான் பிடிப்பவர் இலேசாகவும் இருப்பதே இப்படகுக்கு அனுகூலம் என்பதால், கலப்புப் படகில் சுக்கான் இயல்பாகவே பெண்ணின் கைக்கு வரும் என்று வாதிப்பவர்கள் உண்டு. உடற்கூற்றை மட்டும் கொண்டு பார்த்தால் அது ஏற்கத்தக்க வாதம். ஆனால் மார்செயில் பதக்கம் பெற்ற மூன்று படகுகளில், தங்கம் வென்ற ஆஸ்திரியாவின் லாரா வாட்லாவ் ஒருவரே சுக்கான் பிடித்த பெண். அவருக்குத் துணையாகக் கம்பியில் நின்றவர் லூக்காஸ் மேர். ஜப்பானின் மிஹோ யோஷியோக்காவும் சுவீடனின் லோவிசா கார்ல்சனும் கம்பியில் நின்றார்கள். சுக்கான் கேஜு ஒக்காடாவிடமும் ஆன்டன் டால்பெர்கிடமும் இருந்தது. மூன்று படகுகளைக் கொண்டு ஒரு பொதுவிதியை நிறுவ நான் முற்படவில்லை. உடற்கூற்றின் தர்க்கம் தானே காரியத்தை முடித்துவிடாது என்பதற்கு இவ்வளவே போதும். கம்பியில் நிற்பது தாழ்ந்த பணி என்று சொல்வதாகவும் யாரும் கொள்ளலாகாது. மேலே விவரித்ததே அதற்கு விடை. பெண்கள் போட்டியில் இரண்டு பதவிகளும் பெண்களுக்கே உரியன. கலப்புப் போட்டியில் ஒவ்வொரு படகிலும் ஒரு பதவி முன்கூட்டியே ஆணுக்கு ஒதுக்கப்பட்டுவிடுகிறது. வேற்றுமை அங்கேதான்.

இன்னும் முக்கியமான சாட்சி அப்பதக்கம் வென்ற பெண்களின் பூர்வ சரித்திரம். வாட்லாவ் 2014-இலும் 2015-இலும் யோலான்டா ஓகாருடன் பெண்கள் 470 உலகச் சாம்பியன் பட்டம் பெற்றவர். அந்த ஓகார் பின்னர் போலந்துக்காகக் களமிறங்கி, டோக்கியோவில் அக்னியெஷ்கா ஸ்கிஷிபுலெத்ஸுடன் வெள்ளி வென்றார். யோஷியோக்கா 2018-இல் ஆய் யோஷிதாவுடன் பெண்கள் 470-இல் உலகச் சாம்பியன் ஆனவர். ஆகவே கலப்புப் போட்டியின் முதல் வெற்றிகளே, அது நீக்கிவிட்ட போட்டியின் விளைச்சல்கள்.

பெண்களுக்கு இன்னும் 49-இஆர் எஃப்எக்ஸ் இருக்கிறதே என்பது எஞ்சிய வாதம். இருவருமே கம்பியில் தொங்கும் இவ்வதிவேகப் படகின் சிறப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்: 2016-இல் ரியோவில் நான்கு படகுகள் ஒரு புள்ளிக்குள் நெருங்கி நிற்க, மார்ட்டின் கிராயலும் கஹேனா குன்ஸேயும் இரண்டே விநாடிகளில் நியூசிலாந்தை முந்தித் தங்கம் வென்ற பந்தயத்தைக் கண்டவர் மறக்க முடியாது. பெண்களுக்கென்று தனி ஏணி இருந்தால் பாய்ப்படகில் பழைய செல்வாக்கு இல்லாத தேசத்தவரும் ஏறக்கூடும் என்பதற்கு, 2014-இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 29-இஆர் படகில் வெண்கலமும் 2018-இல் இதே எஃப்எக்ஸில் ஸ்வேதா ஷெர்வேகருடன் வெள்ளியும் வென்ற சென்னையின் வர்ஷா கௌதம் நல்ல உதாரணம். ஆயினும் எஃப்எக்ஸ் வேகத்தின் கல்வி. 470 நிதானத்தின் கல்வி, மெல்லிய காற்றைப் படிக்கும் கல்வி. ஒன்று இருப்பதால் மற்றொன்று மிகையாகிவிடாது.

இவ்விஷயத்தில் நியாயமான பரிசோதனை பாரிஸில் நடந்துவிடவில்லை. அங்கே பதக்கம் வென்றவர்களில் பெண்கள் 470-இல் வளர்ந்தவர்கள் முன்னணியில் இருந்தார்கள். அத்தலைமுறை ஓய்வு பெற்று, கலப்புப் போட்டியை மட்டுமே அறிந்த பெண்கள் ஒலிம்பிக்குக்கு வரும் காலத்தில், அவர்களில் எத்தனை பேர் சுக்கானைப் பிடித்திருக்கிறார்கள் என்பதைப் பந்தயந்தோறும் பதிவு செய்வது, இத்துறையை ஆராய்பவர்கள் இன்றே தொடங்க வேண்டிய வேலை.