மாதிரி விமானமும் அதன் பேட்டரியும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1937-இல் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'கஃப்' என்னும் மாதிரி விமானத்தை ரேடியோவால் இயக்கிப் பறக்கவிட்டனர். அக்கால ரிசீவர்கள் வால்வால் ஆனவை. வால்வின் இழையைச் சூடேற்றத் தாழ்ந்த வோல்ட்டில் ஒரு பேட்டரி, தகட்டுக்கு 45 வோல்ட் அளவில் இன்னொன்று என இரண்டைச் சுமக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று துணை என்று சொல்ல முடியாது. எது தீர்ந்தாலும் ரிசீவர் ஊமைதான்.

ஆனால் சுக்கானைத் திருப்பும் வேலை பேட்டரியின் தலையில் விழவில்லை. 1950-களில் பரவலாயிருந்த ஏற்பாட்டில், முறுக்கிய ரப்பர் நாடாவே சுக்கானைத் திருப்பியது. சமிக்ஞை வந்ததும் மின்காந்தம் கொக்கியை விடுவிக்கும், அவ்வளவே. மாதிரிகளும் தாமாகவே நிலைகொண்டு பறக்கும்படி கட்டப்பட்டவை. எனவே மின்சாரம் அற்றுப்போனால் விமானம் உடனே நொறுங்கியாக வேண்டும் என்பதில்லை. காற்றோடு போய் எங்கோ இறங்கும். தேடிப் பிடிப்பது உடையவர் பாடு.

1960-களில் நிலைமை மாறியது. டிரான்சிஸ்டர் வந்தது, உயர் வோல்ட் பேட்டரி ஒழிந்தது. கையிலுள்ள கருவியின் குச்சியை அசைக்கும் அளவுக்கே சுக்கான் பலகையும் அசையும் விகிதமுறைக் கட்டுப்பாடு பிறந்தது. மூடிய நிக்கல்-காட்மியம் செல்கள் நான்கைக் கோத்த 4.8 வோல்ட் கட்டு, ரிசீவரையும், பலகைகளைத் திருப்பும் எல்லா சர்வோ மோட்டார்களையும் சேர்த்து இயக்கியது. விமானங்கள் வேகமும் சுறுசுறுப்பும் கூடி, கைவிட்டால் தாமாக நிமிராதவை ஆயின. மின்சாரம் நின்றால் விமானம் போயிற்று.

நிற்பதற்கு வழிகள் பல. எஞ்சினின் அதிர்வில் சுவிட்சின் தொடர்பு விட்டு விட்டுப் போகும். பற்றுவைத்த இடம் பிரியும். ஒரு செல் உள்ளுக்குள்ளேயே குறுக்கிணைந்து 4.8 வோல்ட் 3.6 ஆகும். எல்லாவற்றிலும் வஞ்சகமானது கறுப்புக் கம்பி நோய். பேட்டரியின் எதிர்முனைக் கம்பி, உறைக்குள்ளேயே அரித்துக் கறுத்துப்போகும். வெளியே அடையாளம் தெரியாது. வோல்ட்மீட்டரை வைத்தால் சரியான அளவே காட்டும். சர்வோக்கள் ஒருசேர மின்னோட்டத்தை இழுக்கும்போதுதான் வோல்ட் சரியும். அதனால் சுமையேற்றி அளக்கும் மீட்டர்கள் பழக்கத்துக்கு வந்தன.

பெரிய மாதிரிகளுக்கு இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச் என்பது வழக்கமாயிற்று. பழுதான கட்டு நல்ல கட்டின் மின்சாரத்தை உறிஞ்சாமலிருக்க இடையில் டையோடு வைத்தார்கள். சாதாரண சிலிக்கான் டையோடு 0.6 வோல்ட்டுக்கு மேல் விழுங்கும், 4.8-இல் அது சிறு இழப்பல்ல. குறைவாக விழுங்கும் ஷாட்கி டையோடும், ஐந்து செல் கொண்ட 6 வோல்ட் கட்டும் இதை ஈடுகட்டின. இதிலும் ஒரு பொறி உண்டு: ஒரு பேட்டரி செத்தாலும் மற்றது சத்தமின்றி ஓட்டிவிடும். தனித்தனியே சோதிக்காதவர், துணை இருக்கிறது என்று நம்பி ஒற்றைப் பேட்டரியில்தான் பறப்பார்.

மின்மோட்டார் விமானங்களில் பெரிய பேட்டரியே ரிசீவருக்கும் மின்சாரம் தரும் 'பி.இ.சி.' சுற்று வந்தது. வோல்ட் தாழ்ந்ததும் மோட்டாரை நிறுத்தி, மிச்சத்தைக் கட்டுப்பாட்டுக்கு ஒதுக்குவது அதன் முறை.

2000-களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்கள் பரவியபோது பழைய சிக்கல் புது வடிவெடுத்தது. அவற்றின் நுண்செயலி, வோல்ட் ஒரு நொடி சரிந்தாலும் முதலிலிருந்து தொடங்கும். ஆரம்பகால ரிசீவர்கள் சில மறுபடி இணைய நொடிக்கணக்கில் எடுத்துக்கொண்டன. வலுவான டிஜிட்டல் சர்வோக்களோ முன்னைவிட அதிக மின்னோட்டம் கேட்டன. தற்காலிகச் சரிவைத் தாங்க ரிசீவரில் பெரிய மின்தேக்கியைச் செருகினார்கள். சுவிட்ச் உடைந்தாலும் இணைப்பு அறாத மின்னணுச் சுவிட்சுகளும் வந்தன.

லித்தியம்-பாலிமர் இரட்டைச் செல் முழுதாக மின்னேறினால் 8.4 வோல்ட், பழைய சர்வோக்களுக்கு அது மிகை. ஆகவே இடையில் வோல்ட் சீராக்கி தேவைப்பட்டது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் இரட்டைச் செல் கட்டு பெயரளவில் 6.6 வோல்ட் என்பதால், 6 வோல்ட்டுக்கான சர்வோக்கள் பலவற்றில் சீராக்கி இல்லாமலே அதை நேராக இணைக்க முடிந்தது.