ஹோப் காலேஜிலிருந்து ஒரத்துப்பாளையத்துக்கு

கோவை அவிநாசி ரோட்டில் ஹோப் காலேஜ் என்று ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. அந்தப் பெயரில் காலேஜ் எதுவும் அங்கே இல்லை. 1945-இல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியால், அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி 1950-இல் தடாகம் ரோட்டுக்குப் போய்விட்டது. அதைத்தான் இன்று ஜி.சி.டி. (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) என்கிறோம். பீளமேட்டில் 1951-இல் பி.எஸ்.ஜி. டெக்கும் 1956-இல் சி.ஐ.டி.யும் (கோயம்புத்தூர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) வந்தன.

அதற்கு முன் எங்கள் பக்கத்துப் பையன் சிவில் எஞ்சினியரிங் படிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் கிண்டிக்குத்தான் ரயிலேற வேண்டும். 1794-இல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய அந்தக் கல்லூரியில் மெக்கானிக்கல் வந்ததே 1894-இல்தான். அதுவரை எஞ்சினியர் என்றாலே சிவில். வாய்க்காலும் ரோடும் போட அரசாங்கத்துக்கு ஆள் தேவைப்பட்டது.

நான் சென்னிமலைப் பக்கம், கீழ்பவானி ஆயக்கட்டில் பிறந்தவள். 1955-இல் பவானிசாகர் அணை முடிந்து, 200 கிலோமீட்டர் வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகுதான் எங்கள் மேட்டுக்காட்டில் நெல் விளைந்தது. வாய்க்கால் கரையில் ஜீப்பை நிறுத்தி மட்டம் பார்த்த பி.டபிள்யூ.டி. எஞ்சினியரை அப்பா எழுந்து நின்று கும்பிடுவார். நான் சிவில் எடுத்ததற்கு அந்தக் கும்பிடுதான் காரணம். சுற்றுச்சூழல் என்ற சொல்லே அன்று எங்கள் வீட்டில் கிடையாது.

அந்தச் சொல்லை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது நொய்யல் ஆறு. திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் பாசனத்துக்காக அணை கட்டினார்கள். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அந்த உப்பெல்லாம் சாயப்பட்டறைக் கழிவோடு ஆற்றில் இறங்கி அணையில் தேங்கியது. அணை நின்றது, ஆனால் அந்தத் தண்ணீர் பயிருக்கு ஆகவில்லை. கீழே உள்ள கிணறுகளும் கெட்டன. வழக்குகள் நீண்டன. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதன்பின் நடைமுறைக்கு வந்தது.

பின்னாளில் நான் பாடம் நடத்தியபோது மாணவர்களை முதலில் நிறுத்துவது இந்தத் தண்ணீர் முன்னால்தான். வடிகட்டிய தண்ணீரைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, சுண்டவைத்து, ஓவனில் உலர்த்தி எடை போடுவோம். கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக ஒரு பொருக்கு நிற்கும். அதே தண்ணீரை பி.ஓ.டி. பாட்டிலில் அடைத்து 27 டிகிரியில் மூன்று நாள் வைத்தாலும் இந்த உப்பு தெரியாது. அந்தச் சோதனை காட்டுவது நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய அழுக்கை மட்டும்தான். வழக்கமான சுத்திகரிப்பும் அந்த அழுக்குக்குத்தான் உதவும். உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. வேண்டும். ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் உப்புநீரைச் சுண்டவைக்கத் தனி எந்திரம் வேண்டும், அதற்கு விறகும் கரண்டும் வேண்டும். கலக்கும்போது ஒன்றுமில்லாத வேலை, பிரிக்கும்போது எவ்வளவு செலவு என்று அந்தக் கிண்ணம் சொல்லிவிடும்.

இந்த வருஷம் எஞ்சினியரிங் கவுன்சிலிங் சமயத்தில் அண்ணன் மகள் போனில் கேட்டாள்: "அத்தே, சாய்ஸ் ஃபில்லிங்கில சிவில முதல்ல போடட்டுங்களா? எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ்னு சொல்றாங்க."

"போடு சாமி. ஆனா காலேஜ நேர்ல போய்ப் பாரு."

கட் ஆஃப் எந்தக் காலேஜ் கிடைக்கும் என்று சொல்லும், அவ்வளவுதான். எனக்கு அதைவிட முக்கியம் சுற்றுச்சூழல் லேப். பி.ஓ.டி. இன்குபேட்டர் ஓடுகிறதா, கண்ணாடிக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறதா? தண்ணீர் மாதிரியை மாணவர்களே ஆற்றில் இறங்கி எடுக்கிறார்களா? சர்வே கேம்ப் நிஜமாகவே வெளியூரில் நடக்கிறதா, இல்லை காலேஜ் மைதானத்தோடு முடிந்துவிடுகிறதா? கான்கிரீட் க்யூபை உடைத்துப் பார்ப்பவரும் கழிவுநீரைச் சோதிப்பவரும் ஒரே துறையில் உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்களா? இதையெல்லாம் மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு வா என்றேன். பிரின்சிபால் அறையில் கேட்க வேண்டாம்.

அவள் இரண்டு காலேஜ் பார்த்துவிட்டாள். மூன்றாவதைப் பார்க்க வரும் சனிக்கிழமை நானும் கூடப் போகிறேன்.