ஃபெஸ்ட்-நோஸ்: ஒரு சொல்லும் அதன் இரவுகளும்

பிரான்ஸ் தேசத்தின் வடமேற்கே அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் நீண்டு கிடக்கும் பிரிட்டனி தீபகற்பத்தில், கெல்ட்டிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்த பிரெத்தோன் பாஷை இன்றும் வழங்கி வருகிறது. பிரெஞ்சு அகராதிகள் அப்பாஷையிலிருந்து ஏற்றுக்கொண்ட சொற்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று 'ஃபெஸ்ட்-நோஸ்'. இரவு விழா என்பது அதன் பொருள்.

இச்சொல்லின் இரு பகுதிகளும் வெவ்வேறு குலத்தில் பிறந்தவை. 'ஃபெஸ்ட்' என்பது லத்தீன் மூலத்திலிருந்து வந்த இரவல். 'நோஸ்' என்பதோ கெல்ட்டியத்தின் சொந்தச் சொத்து. வேல்ஸ் மொழியிலும் இரவுக்கு அதுவே பெயர். லத்தீன் 'நோக்ஸ்', சம்ஸ்கிருத 'நக்தம்' ஆகியவை அதன் தூரத்து உறவினர். அடைமொழி பின்னால் வருவது பிரெத்தோன் இலக்கண மரபாதலின், பன்மை விகுதி முன்சொல்லின் மேலேறி 'ஃபெஸ்டூ-நோஸ்' என்றாகிறது.

பிரிட்டனியின் நடுப்பகுதிக் கிராமங்களில் இப்பெயர் எதைக் குறித்தது என்று விசாரித்தால், அது கோயில் உற்சவத்தையோ கல்யாணத்தையோ அன்று, உழைப்பின் முடிவையே குறித்தது என்று அறிகிறோம். உருளைக்கிழங்கு தோண்டுவதற்கும் கதிரடிப்பதற்கும் அண்டை அயலார் ஒருங்கு கூடிப் பாடுபட்ட நாளின் இரவில், உணவும் பானமும் அளித்தபின், களத்திலோ முற்றத்திலோ நடனம் நிகழும். வந்தவர்களுக்கு அதுவே சன்மானம். புதிதாகக் கட்டிய வீட்டின் மண்தரையைக் கெட்டிப்படுத்தவும் ஊராரை அழைத்து ஆடச் செய்வது வழக்கம். திமிசுக்கட்டை செய்ய வேண்டிய வேலையை மரச்செருப்பணிந்த கால்கள் செய்து முடித்தன. இவ்வழக்கங்களையெல்லாம் முதியவர்களிடம் நேரில் கேட்டறிந்து, ழான்-மிஷெல் கில்ஷே 1963-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல், இத்துறையில் இன்றளவும் பிரமாணமாக விளங்குகிறது.

அவ்விரவுகளில் வாத்தியம் கட்டாயமன்று. இரு குரல்கள் போதும். 'கான் அ டிஸ்கான்' எனப்படும் அம்முறையில், முதற்பாடகர் ஓர் அடியைப் பாடி வருகையில், அதன் கடைசிச் சில அசைகளில் இரண்டாமவர் குரலைச் சேர்த்து, பின் அதே அடியைத் தனியே திருப்பிப் பாடுவார். அது முடியுந் தறுவாயில் முதல்வர் மீண்டும் வந்து சேர்ந்துகொள்வார். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பாடுவதால் பாட்டில் இடைவெளி விழுவதில்லை. பாட்டு நில்லாததால், கைகோத்து இடப்புறமாக நகரும் வளையத்தின் காலும் நிற்பதில்லை. இரட்டைச் சீவாளி கொண்ட 'பொம்பார்து' என்னும் குழலும், தோற்பையிலிருந்து காற்றுப் பெறும் 'பினியூ' என்னும் ஊதுகருவியும் ஜோடியாக இசைக்கும்போதும் இதே ஏற்பாடுதான்: பொம்பார்து வாசிப்பவர் இளைப்பாறும் கணத்தில் பினியூ ராகத்தைத் தாங்கி நிற்கும்.

இயந்திரங்கள் வயலுக்கு வந்து கூட்டுழைப்புக் குறைந்ததும், நகரத்து ஜோடி நடனங்கள் பரவியதும், இவ்வழக்கத்தை க்ஷீணிக்கச் செய்தன. இரண்டாம் உலக யுத்தத்துக்குப்பின் பொருள் மறைந்து பெயர் மட்டும் எஞ்சும் நிலை நெருங்கியது. அத்தருணத்தில் பூலாவென் என்னும் ஊரைச் சேர்ந்த லோயிஸ் ரோபார்ஸ், 1950-களின் நடுவில், பழைய பாடகர்களைத் தேடிப் பிடித்து மேடையேற்றி, மண்டபத்தில் ஒலிபெருக்கியுடன் நடன இரவுகளை நடத்தத் தலைப்பட்டார். களம் மண்டபமாயிற்று, அழைப்பின்பேரில் வந்த அயலாரின் இடத்தில் சீட்டு வாங்கிய எவரும் வரலாயினர். ஆயினும் அவர் புதுப்பெயர் எதையும் புனையாமல் அப்பழைய சொல்லையே புதிய ஏற்பாட்டுக்குச் சூட்டினார். 1972-இல் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் பிரெத்தோன் இசைக்கலைஞர் ஆலன் ஸ்திவெல் நடத்திய கச்சேரிக்குப்பின் இளைஞர்கள் பெருந்திரளாக இவ்விரவுகளை நாடினர். பகலில் நடக்கும் ஆட்டத்துக்கு 'ஃபெஸ்ட்-தெய்ஸ்' என்ற ஜோடிச் சொல்லும் வழக்கில் ஊன்றியது.

2012-இல் யுனெஸ்கோ ஃபெஸ்ட்-நோஸைப் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தபோது, ஆண்டொன்றுக்குச் சுமார் 1,000 இரவுகள் நடைபெறுவதாகக் குறிக்கப்பட்டது. அங்கே அங்கீகாரம் பெற்றது ஒரு பாடலோ ஓர் உடையோ அன்று. பலர் கூடி ஆடும் வழக்கமே என்பது கவனிக்கத்தக்கது. முன்னாளில் வேர்வையால் ஈட்டிய நடனத்தை இன்று காசு கொடுத்துப் பெறுகிறார்கள் என்பது மெய்யே. எனினும் சீட்டு வாங்கியவர் நாற்காலியில் அமர்ந்து பார்த்துவிட்டுப் போவதற்காக வருவதில்லை. முன்பின் அறியாதவரின் விரலைப் பற்றி வளையத்தில் புகுவதற்கே வருகிறார். காரணம் மாறி, இடம் மாறி, கருவியும் மாறியபின் அச்சொல் பொய்யாகாமல் நிற்பது இந்த ஒரு நிபந்தனை மாறாததனாலேதான் என்பது என் துணிபு.