பென்சிலும் பன்னிரண்டு ரவுண்டும்

1987 ஏப்ரல் 6. லாஸ் வேகாஸ் சீசர்ஸ் பேலஸில் மார்வின் ஹாக்லரும் சுகர் ரே லெனர்டும் மோதினார்கள். பன்னிரண்டு ரவுண்டு முடிந்தது. யாரும் விழவில்லை. மூன்று நடுவர்களின் தாள்களையும் வாங்கிப் பார்த்தார்கள். ஒருவர் ஹாக்லருக்கு 115-113 போட்டிருந்தார். இன்னொருவர் அதே 115-113-ஐ லெனர்டுக்குப் போட்டிருந்தார். மூன்றாமவர் லெனர்டுக்கு 118-110. இரண்டுக்கு ஒன்று என்று லெனர்ட் ஜெயித்தார். ரிங்குக்குள் நடந்த சண்டை அன்றைக்கே முடிந்துவிட்டது. அதைப் பார்த்தவர்களுக்குள் ஆரம்பித்த சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை.

பழைய குத்துச்சண்டைகளைத் திரும்பப் போட்டு, காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து ரவுண்டுக்கு ரவுண்டு மார்க் போடுவது ஒரு தனிக் கிறுக்கு. உலகம் பூராவும் இந்தக் கிறுக்கு பிடித்தவர்கள் இருக்கிறார்கள். குர்காவ்ன் குளிரில் சனிக்கிழமை ராத்திரிகளில் எனக்கும் இதுதான் பொழுதுபோக்கு. "யார் ஜெயிச்சான்னு தெரிஞ்ச சண்டையை எதுக்குங்க திரும்பத் திரும்பப் பாக்கறீங்க?" என்று வீட்டம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். யார் ஜெயித்தார் என்பது தெரியும். ஜெயித்தது சரியா என்பது தெரியாதே! அதைத் தெரிந்துகொள்ள நாமே மார்க் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை.

மார்க் போடும் முறை ரொம்ப சுலபம். ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒரு தடவை கீழே விழுந்தால் பெரும்பாலும் 10-8. சுத்தமாக விழுந்த குத்து, பலன் தருகிற தாக்குதல், தற்காப்பு, ரிங்கைத் தன் கைக்குள் வைத்திருந்தது யார் என்று நாலு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஆக, 115-113 என்றால் ஏழு ரவுண்டு ஒருவருக்கு, ஐந்து மற்றவருக்கு. அதில் ஒரே ஒரு ரவுண்டு கைமாறினால் 114-114, டிரா. ஒரு மனிதன் பத்து பதினைந்து வருஷம் வியர்வை சிந்திச் சேர்த்தது அந்த ஒரு ரவுண்டில் போய் நிற்கும்.

இந்த முறை ஆதியிலிருந்தே இருந்ததில்லை. நவீன குத்துச்சண்டைக்கு அடிப்படை என்று சொல்லப்படும் குவீன்ஸ்பெரி விதிகள் 1867-இல் வெளிவந்தவை. மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு, கையுறை, விழுந்தால் பத்து விநாடி எல்லாம் அதில் உண்டு. மார்க் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அடித்து வீழ்த்தும்வரை சண்டை என்றிருந்த காலத்தின் மிச்சம் அது. யாரும் விழாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அப்புறம் ஊருக்கு ஒரு முறை முளைத்தது.

நியூயார்க்கில் ரவுண்டுகளை மட்டும் எண்ணினார்கள். 1971 மார்ச் 8-இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் மோதிய முதல் சண்டை அப்படித்தான் கணக்கிடப்பட்டது. ரெஃப்ரியின் தாளில் ஃப்ரேசியருக்கு 8-6, ஒன்று சமம். ஒரு நடுவருக்கு 9-6. இன்னொருவருக்கு 11-4. மூவரும் ஃப்ரேசியர்தான் ஜெயித்தார் என்றார்கள். ஆனால் அலி ஆறு ரவுண்டு எடுத்தாரா நாலு எடுத்தாரா என்பதில் ஒத்துப்போகவில்லை.

சரியாக எட்டு நாள் கழித்து, மார்ச் 16-இல், லண்டன் வெம்ப்ளியில் ஹென்றி கூப்பரும் ஜோ பக்னரும் மோதினார்கள். அங்கே தனி நடுவர்கள் கிடையாது. ரிங்குக்குள் நிற்கும் ரெஃப்ரியே மார்க்கும் போடுவார், அதுவும் கால் கால் புள்ளியாக. பதினைந்து ரவுண்டு முடிவில் ரெஃப்ரி ஹாரி கிப்ஸ் பக்னரின் கையைத் தூக்கினார். அவருடைய கணக்கு எழுபத்து மூன்றே முக்காலுக்கு எழுபத்து மூன்றரை. கால் புள்ளி வித்தியாசம்! இங்கிலாந்தின் செல்லப்பிள்ளை கூப்பர் அத்தோடு ஓய்வு பெற்றார். பல வருஷங்கள் கிப்ஸுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சரி, ஹாக்லருக்கு வருவோம்.

ஹாக்லர் 1980-இலிருந்து மிடில்வெயிட் சாம்பியன். பன்னிரண்டு தடவை பட்டத்தைக் காப்பாற்றியவர். லெனர்டோ மூன்று வருஷமாகச் சண்டையே போடாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். பணம் தனக்கு அதிகம் கிடைக்க வேண்டும் என்பதற்காக மற்ற நிபந்தனைகளை ஹாக்லர் விட்டுக்கொடுத்தார். பதினைந்து ரவுண்டுக்குப் பதில் பன்னிரண்டு. ரிங்கும் பெரிதாக. ஓடி ஆடுகிறவருக்கு இரண்டுமே சாதகம். இது போதாதென்று, இடதுகைக்காரரான ஹாக்லர் முதல் ரவுண்டுகளில் வலதுகைக்காரர்போல நின்று சண்டை போட்டார். ஏன் என்று ரசிகர்கள் இன்றுவரை மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்த ரவுண்டுகள் அப்படியே லெனர்ட் பக்கம் போயின.

இந்தச் சண்டையை ஒரு தடவை சத்தத்தோடும் ஒரு தடவை சத்தமில்லாமலும் பாருங்கள். நான் சொல்ல வருவது அப்போது புரியும். லெனர்டிடம் ஒரு தந்திரம் இருந்தது. ரவுண்டின் கடைசி அரை நிமிடத்தில் மூலையிலிருந்து ஆள் குரல் கொடுப்பார். உடனே லெனர்ட் சரமாரியாகக் குத்துகளை வீசுவார். பாதி, கையுறையில் விழும். ஆனால் கூட்டம் எழுந்து கத்தும். மணி அடிக்கும்போது நம் காதில் இருப்பது அந்தச் சத்தம்தான். கை தானாகவே லெனர்டுக்கு 10 என்று எழுதும். சத்தத்தை நிறுத்திவிட்டால், அதற்கு முந்தைய இரண்டரை நிமிடம் துரத்தித் துரத்தி உடம்பில் குத்திக்கொண்டிருந்த ஹாக்லர் கண்ணில் படுகிறார்.

என் கணக்கைக் கேட்டால், சத்தத்தோடு லெனர்டுக்கு 116-112. சத்தமில்லாமல் லெனர்டுக்கு 115-113. இரண்டு தடவையும் லெனர்ட்தான். ஆனால் சத்தம் மட்டுமே ஒரு ரவுண்டை விழுங்கியிருக்கிறது! ஹாக்லர் ஜெயித்தார் என்று யாராவது 115-113 போட்டால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். 118-110 என்றால்தான் கொஞ்சம் உட்கார வைத்துப் பேச வேண்டும் :-)

ஹாக்லர் அந்த முடிவை ஏற்கவேயில்லை. 1979-இல் இதே சீசர்ஸ் பேலஸில் வீட்டோ ஆன்டுவோஃபெர்மோவுடன் முதன்முதலாகப் பட்டத்துக்கு மோதியபோது டிரா என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பழைய காயத்தின்மேல் இது விழுந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு சண்டைகூடப் போடவில்லை. இத்தாலிக்குப் போய்விட்டார், அங்கே சினிமாவில் நடித்தார். மறுபடி மோத ஆசைகாட்டியும் அசையவில்லை. 2021 மார்ச் 13-இல் காலமானார்.

அது நெருக்கமான தீர்ப்பு. நெருக்கமான தீர்ப்பு வேறு, மோசமான தீர்ப்பு வேறு. பென்சிலோடு உட்கார்ந்தால் கிடைக்கும் முதல் படிப்பினை இந்த வித்தியாசம்தான்.

மோசமான தீர்ப்புக்கு உதாரணம் வேண்டுமா? 1999 மார்ச் 13, மேடிசன் ஸ்கொயர் கார்டன், லெனாக்ஸ் லூயிஸ் - இவாண்டர் ஹோலிஃபீல்ட். குத்துகளை எண்ணும் கம்ப்யூபாக்ஸ் கணக்கில் லூயிஸின் குத்துகள் 348 விழுந்தன, ஹோலிஃபீல்டுடையவை 130. தீர்ப்போ டிரா! ஒருவர் லூயிஸுக்கு 116-113, ஒருவர் 115-115, யூஜீனியா வில்லியம்ஸ் என்ற நடுவர் ஹோலிஃபீல்டுக்கு 115-113. ஐந்தாவது ரவுண்டில் லூயிஸ் அவரைக் கயிற்றோரம் சாய்த்து அடி அடியென்று அடித்தார். அந்த ரவுண்டையும் ஹோலிஃபீல்டுக்கே கொடுத்திருந்தார் வில்லியம்ஸ். விசாரணையெல்லாம் நடந்தது. புகைப்படக்காரர்கள் மறைத்ததால் சரியாகத் தெரியவில்லை என்றார் அவர்.

சாக்கு என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் ஒரு நிமிடம் யோசியுங்கள். நடுவர்கள் மூவரும் ரிங்கின் மூன்று பக்கங்களில், தரையோரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ரெஃப்ரியின் முதுகும் கயிறும் குறுக்கே வரும். நமக்கோ உயரத்தில் வைத்த நாலைந்து கேமராக்கள், போதாததற்கு ஸ்லோமோஷன் வேறு. நாம் பார்க்கும் சண்டையை அவர்கள் பார்க்கவே இல்லை. அதனால்தான் என் வீட்டுச் சட்டம்: ரீவைண்ட் கிடையாது, ஓய்வு நிமிடத்துக்குள் எழுதிவிட வேண்டும், எழுதியதை அழிக்கக் கூடாது. அந்த அவசரத்தை நாமும் பட்டால்தான் நடுவரைத் திட்டும் யோக்கியதை வரும். இவ்வளவு சலுகை கொடுத்துப் பார்த்தும் அந்த ஐந்தாவது ரவுண்டு லூயிஸுக்குத்தான். அதே வருஷம் நவம்பரில் மறுபடி மோதி லூயிஸ் முறையாக ஜெயித்தார் என்பது ஆறுதல்.

மூன்றாவது ரகம் அநியாயம். 1988 சியோல் ஒலிம்பிக்ஸ், 71 கிலோ பிரிவு இறுதிப்போட்டி. அமெரிக்காவின் 19 வயது ராய் ஜோன்ஸ், தென் கொரியாவின் பார்க் சி ஹுன். தொலைக்காட்சிக்காக எண்ணப்பட்ட கணக்கில் ஜோன்ஸின் குத்துகள் 86, பார்க்கினுடையவை 32. நடுவர்கள் 3-2 என்று பார்க்குக்குத் தங்கம் கொடுத்தார்கள். அந்த ஒலிம்பிக்ஸின் மிகச் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கோப்பையை ஜோன்ஸுக்கே கொடுத்தது இன்னொரு வேடிக்கை. இதற்கு மார்க் போட ஒன்பது நிமிடம் போதும். ஒரு ரவுண்டைக்கூடப் பார்க்குக்குக் கொடுக்க என் பென்சில் மறுக்கிறது.

எனக்கு ஜோன்ஸைவிடப் பார்க்கை நினைத்துத்தான் சங்கடம். அவர் கேட்டு வாங்கிய தங்கம் இல்லை அது. காலமெல்லாம் அவருக்கு அது பாரமாகவே இருந்தது. 2023-இல் அமெரிக்காவுக்கு, ஜோன்ஸின் ஊரான பென்சகோலாவுக்கே போய் அந்தப் பதக்கத்தை அவர் கையில் கொடுத்தார். அந்த வீடியோவை 2025-இல் ஜோன்ஸ் வெளியிட்டார். தப்பான மார்க், தோற்றவனை மட்டுமல்ல, ஜெயித்தவனையும் தின்கிறது.

சியோலுக்குப் பிறகு, மனிதக் கண்ணை நம்ப வேண்டாம் என்று முடிவுகட்டி, 1992 பார்சிலோனாவில் பட்டனைக் கொண்டுவந்தார்கள். ஐந்து நடுவர்களில் மூவர் ஒரு விநாடிக்குள் அழுத்தினால் ஒரு புள்ளி. திருட்டு குறையும் என்று பார்த்தார்கள். வீரர்கள் உடம்பில் குத்துவதைக் குறைத்துக்கொண்டு, பட்டனுக்குத் தெரிகிற மாதிரி முகத்தைத் தொட்டுவிட்டு ஓடக் கற்றுக்கொண்டார்கள்!

அந்தப் பட்டன் காலத்தில்தான் நம்மவர் விவகாரம் வந்தது. 2012 லண்டனில் விகாஸ் கிருஷன் அமெரிக்காவின் எரோல் ஸ்பென்ஸை 13-11 என்று ஜெயித்தார். சில மணி நேரத்தில் அமெரிக்கா முறையிட, வீடியோவைப் பார்த்து 15-13 என்று ஸ்பென்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாவது ரவுண்டில் மட்டும் விகாஸ் ஒன்பது தடவை எதிராளியைப் பிடித்துத் தொங்கினார், இரண்டாவதில் வேண்டுமென்றே பல்லுறையைத் துப்பினார், இதற்கெல்லாம் குறைந்தது நாலு புள்ளி ஸ்பென்ஸுக்குப் போயிருக்க வேண்டும் என்பது காரணம். நாடே கொதித்தது.

ஆபீஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் பிவானிக்காரர். ஹரியானாவில் அந்த ஊரில் பிறந்த குழந்தைகூட முஷ்டியோடுதான் பிறக்கும் என்பார். விகாஸும் அந்தப் பக்கத்துப் பிள்ளை. இருவரும் ஆளுக்கொரு தாளோடு உட்கார்ந்து அந்தச் சண்டையைப் பார்த்தோம். குத்தை மட்டும் எண்ணினால் அவருடைய கோபம் நியாயம். பிடித்ததை எண்ண ஆரம்பித்தால் மூன்றாவது ரவுண்டில் ஒரு கை விரல் போதவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சரி, ஆனா அந்த ரெஃப்ரி அங்கேயே எச்சரித்திருந்தா பையன் பிடிக்காமயே ஆடியிருப்பானே?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ரிங்கில் கேட்காத கேள்வியை ராத்திரி வீடியோவில் கேட்டு ஒருவனுடைய வெற்றியைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்? ஸ்பென்ஸ் பின்னால் தொழில்முறை உலக சாம்பியனே ஆனார், அது வேறு கதை.

பட்டனும் போய், 2016 ரியோவில் பத்துப் புள்ளி முறை ஒலிம்பிக்ஸுக்கு வந்தது. அங்கும் ஏமாற்று நடந்ததாக 2021-இல் விசாரணை அறிக்கை சொன்னது. ரியோவில் பணிபுரிந்த ரெஃப்ரி, நடுவர் ஒருவரைக்கூட டோக்கியோவுக்கு எடுக்கவில்லை. முறையை எத்தனை தடவை மாற்றினாலும் கடைசியில் ஒரு மனிதன் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். "திருடிட்டாங்க!" என்று கத்துவதற்கு முன்னால் ஒரு தடவை மார்க் போட்டுப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு தாள் கொடுங்கள். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது, பரீட்சை மாதிரி. ஹாக்லர் - லெனர்டிலிருந்து ஆரம்பியுங்கள், சத்தத்தை நிறுத்திவிட்டு. பன்னிரண்டு ரவுண்டும் முடிந்து தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே சண்டையைப் பார்த்த நாலு பேரிடம் நாலு கணக்கு இருக்கும். அதில் யாரும் திருடர் இல்லை. அது தெரிந்தபிறகு நிஜமான திருட்டு எது என்பதும் தானாகவே கண்ணுக்குப் படும்.