நித்தியகல்யாணியும் மருந்துக்கு மசியாத ரத்தப் புற்றுநோயும்

சுடுகாட்டு மல்லி என்று நம் ஊர்களில் ஒதுக்கப்பட்ட நித்தியகல்யாணி, ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகுமென்று யாரும் தேடிப் போகவில்லை. ஜமைக்கா மக்கள் சர்க்கரை நோய்க்கு அதன் இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். 1952இல் அந்த இலைகள் கனடாவில் ராபர்ட் நோபிளின் ஆய்வகத்துக்குப் போயின. எலிகளுக்குப் புகட்டிய சாறு சர்க்கரையைக் குறைக்கவில்லை. ஊசியில் ஏற்றியபோதோ வெள்ளையணுக்கள் சரிந்து, தொற்று கண்டு எலிகள் மாண்டன. இந்த நச்சுத்தன்மையைப் பின்தொடர்ந்துதான் நோபிளும் சார்லஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வபோடாவின் குழு கண்ட வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நாட்டு வைத்தியம் செடியைக் காட்டிக்கொடுத்தது, அந்தப் பெருமை அதற்கே உரியது. ஆனால் உயிர் காத்தது கஷாயமல்ல, மில்லிகிராம் கணக்கில் அளந்து ஏற்றிய ஒற்றைச் சேர்மம்.

அந்தச் சேர்மமும் தனித்து வெல்லவில்லை. அக்காலத்தில் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு எந்த ஒரு மருந்தைத் தனியாகக் கொடுத்தாலும் நோய் அடங்கி, சில மாதங்களில் அதே மருந்துக்கு மசியாமல் திரும்பியது. அமெரிக்க மருத்துவர்கள் ஃபிரெய்ரெய்க்கும் ஃப்ரெய்யும் 1960களின் தொடக்கத்தில் வின்கிரிஸ்டினோடு வேறு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தது இதனால்தான்: ஒன்றுக்குத் தப்பும் செல் மற்றொன்றில் அகப்பட வேண்டும். செல் எப்படித் தப்புகிறது என்பதற்கு ஒரு விடை 1976இல் கிடைத்தது. நம் செங்காந்தளிலும் உள்ள கோல்சிசின் என்ற நஞ்சுக்குப் பழகிய செல்களின் சவ்வில் ஆய்வாளர்கள் ஜூலியானோவும் லிங்கும் ஒரு புரதத்தைக் கண்டார்கள். உள்ளே வரும் நஞ்சை வெளியே இறைத்துத் தள்ளும் அந்தப் புரதம் வின்கிரிஸ்டினையும் தள்ளிவிடுகிறது. ஆக, தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு மருந்து செல்லின் எதிர்ப்பை மீறிவிடாது.

சீனாவின் செஃபலோடாக்சஸ் மரம் தந்த ஹோமோஹாரிங்டோனினை இதற்கு மறுப்பாகக் காட்டலாம். நோயைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் இமாடினிப் வகை மருந்துகள் இரண்டோ அதற்கு மேலோ பலிக்காத நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் வகை ஒன்றுக்கு அது 2012இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது உண்மை. ஆனால் அதன் வெற்றிக்குக் காரணம், இமாடினிப் பற்றும் இடத்தை விட்டுவிட்டுச் செல்லின் புரத உற்பத்தியையே அது தடுப்பது. எல்லாத் தாவரச் சாறும் இப்படி மருந்தாகிவிடாது. ஆய்வகத் தட்டில் செல்லைக் கொல்லும் சாறுகள் ஏராளம். எலும்பு மஜ்ஜையைக் கெடுக்காத அளவில் அவை ரத்தத்தில் நிற்குமா என்பதே கேள்வி. மூலிகையை மருந்தோடு சேர்த்துக் குடித்தால் தீங்கில்லை என்பாரும் உண்டு. ஆனால் மேலை நாடுகளில் மனச்சோர்வுக்கு உண்ணும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை, கல்லீரல் நொதிகளைத் தூண்டி, ரத்தத்தில் இமாடினிப்பின் அளவை ஏறக்குறைய 30 விழுக்காடு குறைப்பதை 2004இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அப்படிக் குறைந்தால், மசியக்கூடிய நோயும் மருத்துவர் கண்ணுக்கு மசியாத நோயாகவே தெரியும்.